வாசகர் கேள்வி – பதில்: மெய்நிகர் வெளியில் எழுத்தும் ஓவியமும்

சென்ற இதழில், விஆர் (மெய்நிகர்) கண்ணாடிக்குள், அதாவது தலையில் மாட்டிக்கொள்ளும் ஹெட்செட்டுக்குள், கவிதையும் ஓவியமும் படைப்பது பற்றி எழுதியிருந்தோம். அதன் பிறகு கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை செய்முறையைப் பற்றியே கேட்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்து, இடம் கொடுத்த அளவுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கவிதை எழுதும் வாசகர், செந்தூல்: கவிதையைக் கைப்பேசியிலேயே படித்துவிடுகிறோம். அதையே கண்ணாடிக்குள் பெரிய எழுத்தில் காட்டினால் அது புதிய கலை ஆகிவிடுமா?

ஆகாது. ஒரு பலகையில் கவிதையை எழுதி மெய்நிகர் அறையில் தொங்கவிடுவதுதான் பலரும் முதலில் செய்வது. அதற்கு அச்சுப் புத்தகமே மேல். கண்ணுக்கும் சுகம், கழுத்துக்கும் சுகம். விஆரில் புதிதாகக் கிடைப்பது ஒன்றுதான்: வாசகர் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார், ஒரு சொல்லுக்கு எவ்வளவு கிட்டே வந்திருக்கிறார் என்பது கருவிக்கு நொடிதோறும் தெரியும். இந்த மூன்றையும் வைத்து உங்கள் கவிதைக்கு ஏதாவது செய்ய முடிகிறதென்றால் விஆருக்கு வாருங்கள். இல்லையென்றால் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

இதைச் செய்து காட்டியவர்கள் உண்டு. ஊடகக் கலைஞர் ஜெஃப்ரி ஷா 1989-இல் அமைத்த 'தி லெஜிபிள் சிட்டி'யில் பார்வையாளர் நிலையாக நிறுத்திய ஒரு சைக்கிளை மிதிப்பார். எதிரே உள்ள பெரிய திரையில் கட்டடங்களுக்குப் பதில் எழுத்துகளே தெருவாக விரியும். எந்தத் தெருவில் திரும்புகிறாரோ அந்த வாக்கியம்தான் அவருக்குக் கிடைக்கும். 1995-இல் சார் டேவிஸின் 'ஆஸ்மோஸ்' வந்தது. மார்பில் கட்டிய பட்டை மூச்சை அளக்கும். மூச்சை இழுத்தால் மேலே எழும்புவார்கள், விட்டால் கீழே இறங்குவார்கள். அதன் அடுக்குகளில் ஒன்று முழுக்கச் சொற்களால் ஆனது. 2017-இல் லாரி ஆண்டர்சனும் சின்-சியன் ஹுவாங்கும் செய்த 'சாக்ரூம்' சாக்கட்டி எழுத்துகளால் நிரம்பிய அறைகளுக்குள் பறக்கவைக்கிறது. அந்த ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த விஆர் அனுபவத்துக்கான விருது அதற்குத்தான். மூன்றிலும் உடல் அசையாமல் படிப்பு நடக்காது. நம் ஊர்க் கவிஞர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

சோதித்துப் பார்க்கக் கருவியே வேண்டாம். எட்டு வரிக் கவிதையை எட்டுத் துண்டுத் தாள்களில் எழுதுங்கள். வீட்டு ஹாலில் சுவரில், நாற்காலி முதுகில், மேசைக்கு அடியில், கதவுக்குப் பின்னால் என்று ஒட்டுங்கள். கவிதை தெரியாத ஒருவரை உள்ளே விட்டு, அவர் எந்த வரிசையில் படிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். வரிசை மாறியும் கவிதை நின்றால் திறந்த அறை போதும். வரிசை மாறினால் கெட்டுவிடும் கவிதை என்றால் அதற்கு நடைவழி வேண்டும். ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதை இதற்கு அருமையான அமைப்பு: ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் தூண்கள், நடுவே ஒரே வழி. தூணுக்கு ஒரு வரி என்று வைத்தால் யாராலும் தாண்டிப் போக முடியாது.

நுண்கலை மாணவி, ஆயர் ஈத்தாம்: எந்தக் கருவியை வாங்கலாம்? கணினியும் வேண்டுமா?

எழுத்து முக்கியம் என்றால் மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 ஹெட்செட். ஒரு கண்ணுக்கு 2064-க்கு 2208 திரைப்புள்ளிகள். லென்ஸின் ஓரம் வரை எழுத்து தெளிவாக இருக்கும். குவெஸ்ட் 3எஸ், பழைய குவெஸ்ட் 2 இரண்டிலும் 1832-க்கு 1920 புள்ளிகள். லென்ஸ் வட்ட வரிகள் கொண்ட பழைய வகை. அதில் நடுப்பகுதி மட்டுமே கூர்மை, கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் ஒளி கசியும். வரைவது மட்டும்தான் நோக்கம் என்றால் 3எஸ் தாராளமாகப் போதும்.

வாங்கும் முன் கண்ணாடிக் கடையில் உங்கள் இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை மில்லிமீட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். குவெஸ்ட் 3-இல் சக்கரத்தைச் சுழற்றி 58 முதல் 71 வரை லென்ஸ்களை நகர்த்தலாம். 3எஸ்-இல் 58, 63, 68 என்று மூன்றே நிலைகள். உங்கள் அளவு 60 அல்லது 66 என்றால் நேரில் போட்டுப் பார்க்காமல் 3எஸ் வாங்காதீர்கள். எழுத்து மங்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், மென்பொருள் அல்ல.

கோலாலம்பூர் லோயாட் பிளாசாக் கணினிக் கடைகளிலோ இணையத்திலோ பழையது வாங்கினால் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பார்வை முழுவதும் நிறையவைத்து இரு கண்ணிலும் தனித்தனியாகப் பாருங்கள். மஞ்சள் அல்லது ஊதாத் தழும்பு தெரிந்தால் லென்ஸ் வழியாக வெயில் பட்டுத் திரை கருகியிருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்ய வழியில்லை. முந்தைய உரிமையாளரின் கணக்கை நீக்கி, ஆலை நிலைக்கு மீட்டமைத்த பிறகே காசைக் கொடுங்கள். புதிது என்றாலும் உத்தரவாதம் எந்த நாட்டுக்கு உரியது, பழுதானால் யாரிடம் கொடுப்பது என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

கணினி கட்டாயமில்லை. காற்றில் முப்பரிமாணமாக வரையும் செயலிகளான ஓப்பன் பிரஷ், கிராவிட்டி ஸ்கெட்ச் இரண்டும் ஹெட்செட்டிலேயே ஓடும். கைவரைவுபோல் அசைவூட்டம் செய்யும் குவில் மென்பொருளில் வரைய மட்டும் நல்ல கிராஃபிக்ஸ் அட்டை உள்ள விண்டோஸ் கணினி வேண்டும்.

மென்பொருள் துறை வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்: விஆர் காட்சிகளை உருவாக்கும் யூனிட்டி மென்பொருளில் தமிழ்க் கவிதையை ஒட்டினால் 'கெ' இடம் மாறி வருகிறது, 'கொ' உடைகிறது, 'மு' சேராமல் நிற்கிறது. எழுத்துருவை மாற்றியும் பயனில்லை.

எழுத்துருவில் குற்றமில்லை. யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் நகர்த்துவதும், 'கொ'வின் குறியை இரண்டாகப் பிரித்து இருபுறமும் வைப்பதும், ம-வையும் உகரக் குறியையும் சேர்த்து 'மு' என்ற ஒரே வடிவமாக மாற்றுவதும் எழுத்தை வடிவமைக்கும் நிரலின் வேலை. உலாவிகளிலும் அலுவலக மென்பொருள்களிலும் ஹார்ஃப்பஸ் போன்ற நிரல்கள் இதைச் சத்தமில்லாமல் செய்துவிடுகின்றன. யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் பகுதியான டெக்ஸ்ட்மெஷ் புரோவில் அந்த வேலை தமிழுக்கு நடப்பதில்லை. வந்த வரிசையிலேயே குறிகளை அடுக்கிவிடுகிறது. எத்தனை எழுத்துரு மாற்றினாலும் அதே உடைப்புத்தான்.

பலர் கையாளும் குறுக்குவழி ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தைச் சேமிக்கும் பாமினி போன்ற பழைய குறியீட்டுக்குக் கவிதையை மாற்றி, அதற்குரிய எழுத்துருவைப் போடுவது. திரையில் சரியாகவே தெரியும். ஆனால் உள்ளே இருப்பது தமிழாக இருக்காது: தேட முடியாது, நகலெடுத்தால் குப்பை வரும், கணினிக் குரல் வாசிக்காது, பத்து வருடம் கழித்து அந்த எழுத்துரு தொலைந்தால் கவிதையும் தொலையும். கண்காட்சிக்கு நாளை காலை கொடுக்க வேண்டும் என்ற நெருக்கடியைத் தவிர வேறெதற்கும் இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

எழுத்து ஓடும்போது மாற வேண்டும் என்றால் யூனிட்டிக்கு மாற்றான கோடோ 4 மென்பொருளுக்கு வாருங்கள். அதில் ஹார்ஃப்பஸ் உள்ளிணைந்தே வருகிறது, ஹெட்செட்டுகளோடு இணையும் பொதுத் தரமான ஓப்பன்எக்ஸ்ஆர் ஆதரவும் உண்டு. நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, முக்தா மலர் போன்ற கட்டற்ற எழுத்துருக் கோப்பு ஒன்றைத் திட்டக் கோப்புறையில் போட்டு, எழுத்தைக் காட்டும் 'லேபிள்3டி' நோடு ஒன்றைச் சேர்த்து, எழுத்துருவாக அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அளவுக்கு ஒரே கணக்கு: எழுத்துரு அளவையும் புள்ளி அளவையும் ('பிக்சல் சைஸ்') பெருக்கினால் மீட்டரில் உயரம் வரும். எழுத்துரு அளவு 140, புள்ளி அளவு 0.0005 என்றால் 7 சென்டிமீட்டர். இயல்பாக இருக்கும் 32-ஐ வைத்துக்கொண்டு புள்ளி அளவை மட்டும் பெரிதாக்கினால் ஓரங்கள் கரடுமுரடாகும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

எழுத்து மாறாமல் சிற்பம்போல் நிற்க வேண்டும் என்றால் கோட்டோவிய மென்பொருளான இங்க்ஸ்கேப், முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் வழி சிறந்தது. இங்க்ஸ்கேப்பில் கவிதையைத் தட்டச்சு செய்யுங்கள். அது தமிழைச் சரியாக அடுக்கும். பிறகு 'பாத்' பட்டியலில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்தால் எழுத்துகள் வெறும் வளைகோடுகளாகிவிடும். இனி எந்த மென்பொருளாலும் அவற்றை உடைக்க முடியாது. எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமித்து பிளெண்டரில் இறக்குங்கள். ஒன்றும் வரவில்லையே என்று தோன்றும். வந்திருக்கும், மிகச் சிறியதாக இருக்கும். பெரிதாக்கி, அளவை நிலைப்படுத்திவிட்டு, 'எக்ஸ்ட்ரூட்' மதிப்பில் 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமன் கொடுங்கள். வளைகோட்டின் 'ரெசல்யூஷன்' 12 என்று இருக்கும். தமிழ் எழுத்து முழுக்க வளைவு என்பதால் வடிவத்தை ஆக்கும் முக்கோணங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். அதை 4-ஆகக் குறைத்தால் ஒன்றரை மீட்டருக்கு அப்பால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, ஹெட்செட்டுக்குச் சுமை நன்றாகக் குறையும். கடைசியாக மெஷ் (முக்கோண வலை) ஆக மாற்றி ஜி.எல்.பி. என்ற முப்பரிமாணக் கோப்பாக ஏற்றுமதி செய்தால் கோடோ, ஓப்பன் பிரஷ் இரண்டிலும் திறக்கலாம்; யூனிட்டியில் அதற்கான கூடுதல் தொகுப்பைச் சேர்த்துத் திறக்கலாம்.

யூனிட்டியை விடவே முடியாது என்றால் வரிகளைப் பின்னணி இல்லாத பி.என்.ஜி. படங்களாக இறக்குங்கள். ஒரு மீட்டர் அகல வரிக்கு 2048 புள்ளி அகலம் போதும். தொலைவுக்கேற்பச் சிறிய படங்களைத் தயாராக வைத்திருக்கும் 'மிப்மேப்' வசதியை இயக்காவிட்டால் தலையை ஆட்டும்போதெல்லாம் எழுத்து மினுமினுக்கும்.

தமிழ்ப் பேராசிரியர், கோலாலம்பூர்: எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? மாணவர்கள் செய்த படைப்பில் புள்ளியே தெரியவில்லை.

புள்ளி தெரியாதது பெரிய குறை. 'எள்' எது, 'எள' எது என்று தெரியாவிட்டால் கவிதையே இல்லை. கணக்கு இதுதான். குவெஸ்ட் 3-இல் பார்வையின் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 25 திரைப்புள்ளிகள் கிடைக்கும், குவெஸ்ட் 2-இலும் 3எஸ்-இலும் 20. இரண்டு மீட்டர் தொலைவில் ஒரு பாகை என்பது மூன்றரை சென்டிமீட்டர். மெய்யெழுத்தின் மேற்புள்ளி பொதுவாக எழுத்தின் உடலில், அதாவது மேலும் கீழும் நீளும் குறிகள் நீங்கிய நடுப்பகுதியில், ஆறில் ஒரு பங்கு இருக்கும். உடல் 12 திரைப்புள்ளி உயரம் என்றால் மேற்புள்ளிக்கு இரண்டே இரண்டுதான் மிஞ்சும்; தலை சற்று அசைந்ததும் அது கரைந்துபோகும். உடல் 30 திரைப்புள்ளி என்றால் மேற்புள்ளிக்கு ஐந்து கிடைக்கும், அது நிற்கும்.

எனவே இரண்டு மீட்டர் தொலைவில் எழுத்தின் உடல் குறைந்தது 4 சென்டிமீட்டர், 3எஸ்-க்கு 5. எழுத்துருவின் முழு அளவில் உடல் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும் என்பதால், 4 சென்டிமீட்டர் உடலுக்கு முழு அளவு 7 என்று தொடங்குங்கள். சோதனைச் சொல்லாக 'கண்ணன்', 'எண்ணெய்' இரண்டையும் வைத்துப் பாருங்கள். ண-வின் சுழிகளும் ன-வின் சுழியும் பிரிந்து தெரிந்தால் மற்ற எழுத்துகள் எல்லாம் தெரியும். மெல்லிய கோட்டு எழுத்துரு வேண்டாம்; நடுத்தரத் தடிமன் எடுங்கள். தூய வெள்ளைக்குப் பதில் சற்று மங்கிய வெள்ளை, தூய கருப்புக்குப் பதில் அடர் சாம்பல்.

வரி நீளம் அடுத்த சிக்கல். தலையைத் திருப்பாமல் சுகமாகப் படிக்க 30 பாகை அகலம். இரண்டு மீட்டரில் அது ஒரு மீட்டருக்குச் சற்று மேல். இந்த அளவு எழுத்தில் அதற்குள் இருபது, இருபத்தைந்து எழுத்துகள், அதாவது மூன்று நான்கு தமிழ்ச் சொற்கள்தான் அடங்கும். குறளின் முதலடியில் உள்ள நான்கு சீர் சரியாகப் பொருந்தும். உரைநடைப் பத்தி பொருந்தாது. அதைக் குரலாக மாற்றுவதே நல்லது. உயரத்தைப் பொறுத்தவரை, வரியின் நடுப்பகுதி கண்மட்டத்துக்கு 15 முதல் 30 சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும். மேலே பார்க்கவைக்கும் வரி ஒன்றிரண்டு இருக்கலாம். முழுக் கவிதையையும் கூரையில் எழுதினால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

தொலைவிலும் கவனம் வேண்டும். இரு கண்களும் எங்கே குவிந்தாலும் லென்ஸின் குவியம் ஒரே தொலைவில் நிலைத்திருக்கிறது. அதனால் அரை மீட்டருக்குள் வைத்த எழுத்து கண்ணை வலிக்கச் செய்யும். ஒன்றரை முதல் மூன்று மீட்டர் சுகமான வட்டம். பின்னால் சுற்றிப் போகிற வாசகருக்கு எழுத்து நிலைக்கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பித் தெரியும், அல்லது மறைந்தே போகும். அதையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். பின்பக்கத்துக்கு வேறொரு வரி எழுதுவது எங்களுக்கு மிகவும் பிடித்த தீர்வு.

இல்லத்தரசி, பட்டர்வொர்த்: ஓப்பன் பிரஷில் சிக்குக் கோலம் போட்டேன். எதிரே நின்றால் அழகு. இரண்டடி நகர்ந்தால் நூல் சிக்கலாகத் தெரிகிறது. கையில் பழக்கம் போதவில்லையா?

உங்கள் கையில் குறையில்லை, அம்மா. தரையில் போடும்போது தரையே ஆழத்தைப் பார்த்துக்கொள்கிறது; விரல் இடவலமாகவும் மேல்கீழாகவும் போனால் போதும். காற்றில் அந்தத் தரை இல்லை. பக்கவாட்டில் கை எங்கே இருக்கிறது என்பதைத் துல்லியமாக அறியும் நம் கண், முன்பின் தொலைவில் அவ்வளவு துல்லியமாக அறிவதில்லை. ஒவ்வொரு சுழியும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னும் பின்னும் அலைந்திருக்கும். எதிரே நிற்கும்வரை அது தெரியாது.

தரையை நீங்களே உண்டாக்கிக்கொள்ளலாம். கருவிப் பட்டியலில் உள்ள வழிகாட்டி வடிவங்களில் கனசதுரத்தை எடுத்து, தட்டையாக நசுக்கி, மேசை உயரத்தில் கிடத்துங்கள். தூரிகை அதன் அருகே வந்ததும் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். புள்ளிகளுக்கு, வீட்டுக் கணினியில் புள்ளிக் கட்டம் ஒன்றை பி.என்.ஜி. படமாகச் செய்து, ஹெட்செட்டின் 'ஓப்பன் பிரஷ்' கோப்புறையில் 'மீடியா லைப்ரரி', 'இமேஜஸ்' என்ற இடத்தில் போடுங்கள். அதை உள்ளே இழுத்து, புள்ளிக்குப் புள்ளி 10 சென்டிமீட்டர் வருமாறு விரித்துக்கொள்ளுங்கள். அதற்கும் குறைந்தால் மணிக்கட்டின் நடுக்கம் கோட்டில் தெரியும். இரு கைப்பிடி விசைகளையும் சேர்த்து அழுத்தி, கைகளை விரித்து உலகையே பெரிதாக்கி வரைந்துவிட்டுப் பிறகு சுருக்கினால் நடுக்கமும் சேர்ந்து சுருங்கிவிடும்.

தூரிகையும் முக்கியம். 'மார்க்கர்', 'லைட்' எல்லாம் நாடா வகை. கையில் பிடித்திருக்கும் கண்ட்ரோலரை எப்படிச் சாய்க்கிறீர்களோ அப்படி நாடா திரும்பும், விளிம்பிலிருந்து பார்த்தால் மறைந்தே போகும். கோலத்துக்கு 'வயர்' அல்லது 'ஐசிங்' போன்ற குழாய் வகை எடுங்கள்; மாவுக் கோட்டின் பருமன் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்கும். 'லைட்' தூரிகையில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் வெளுத்துப்போகும் என்பதால், சிக்குக் கோலத்தின் உயிரான குறுக்கு இடங்களே கெட்டுவிடும்.

இவ்வளவும் செய்தால் தரைக்கோலம் வந்துவிடும். அதோடு நிறுத்தாதீர்கள். தரையில் மேலே போகும் கோடு, கீழே போகும் கோடு என்பது வெறும் பாவனை. இங்கே அது உண்மையாகவே முடியும். குறுக்கு வரும் இடங்களில் வழிகாட்டியை 3 சென்டிமீட்டர் உயர்த்தி மேல்கோட்டைப் போட்டால், தலையைத் தாழ்த்திப் பார்ப்பவருக்குக் கோடு எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று தெரியும். முடித்ததும் முழுவதையும் தேர்வுக் கருவியால் பிடித்துத் தரைக்கு இறக்குங்கள். குனிந்தே வரைந்தால் முதுகு கேட்காது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பிறை: மாணவர்களை இதில் ஈடுபடுத்தலாமா? பள்ளியில் ஹெட்செட் இல்லை. தலை சுற்றுமே என்ற பயமும் இருக்கிறது.

மெட்டா நிறுவனத்தின் விதிப்படி 10 முதல் 12 வயதுக்குப் பெற்றோர் நிர்வகிக்கும் கணக்கு வேண்டும். 13-க்கு மேல்தான் சொந்தக் கணக்கு. ஆகவே நான்காம் ஆண்டுக்குக் கீழே வேண்டாம். மேலே உள்ளவர்களிலும் கண்மணித் தூரம் 58-க்குக் குறைவான பிள்ளைகளுக்கு எழுத்து மங்கலாகத் தெரியலாம். வலிப்பு வந்த வரலாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது.

ஹெட்செட் இல்லாததை நாங்கள் தடையாகக் கருதவில்லை, டீச்சர். 60-க்கு 30 சென்டிமீட்டர் தாள் எடுங்கள். அகலம் முழுச் சுற்று, உயரம் உச்சியிலிருந்து பாதம் வரை. 15 சென்டிமீட்டருக்கு ஒரு செங்குத்துக் கோடு போட்டால் முன், வலம், பின், இடம் என்று நான்கு திசை. நடுவே படுக்கைக் கோடு கண்மட்டம். முக்கியமானதை அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் ஏழரை சென்டிமீட்டருக்குள் வரையச் சொல்லுங்கள்; அதற்கு அப்பால் வரைவது உச்சியிலும் பாதத்திலும் குவிந்து நசுங்கும். இடது ஓரமும் வலது ஓரமும் சேரும் இடம் என்பதால் தாளைக் குழலாக உருட்டி, கோடுகள் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஸ்கேன் செய்து 4096-க்கு 2048 அளவில் சேமித்து, ஏ-ஃபிரேம் என்ற இலவச வலைச் சட்டகத்தில் வானமாக ஒட்டினால் கணினிக்கூடத்தில் மவுஸை இழுத்தே சுற்றிப் பார்க்கலாம். பிறகு யாராவது ஒரே ஒரு ஹெட்செட் கொண்டுவந்தாலும் அதே பக்கம் அதில் திறக்கும்.

தலைச்சுற்றலுக்குக் காரணம், கண் நகர்வைக் காண, உட்செவி அதை உணராமல் இருப்பது. வாசகரை நீங்கள் நகர்த்தாதீர்கள். அவர் தானே நடக்கட்டும், தொலைவுக்குப் போக வேண்டுமென்றால் இடத்தைச் சுட்டித் தாவட்டும். காட்சி நொடிக்கு 72 சட்டகத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. வரியைத் தலையோடு ஒட்டி வைப்பது பெரிய தவறு: எங்கே திரும்பினாலும் முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும் எழுத்து குமட்டலைத் தரும். முதல் தடவை உட்கார்ந்தபடி ஐந்து நிமிடம் போதும். கொட்டாவி, நெற்றி வியர்வை, உமிழ்நீர் ஊறுவது இவை வந்ததும் கழற்றிவிட வேண்டும். பல்லைக் கடித்துத் தொடர்ந்தால் மணிக்கணக்கில் நீடிக்கும். நம் வெக்கையில் முகத்துக்கு நேராக ஒரு மின்விசிறி வைப்பது நல்ல உதவி.

ஓவியர் குழு, ஜார்ஜ் டவுன்: பழைய கடைவீட்டில் ஒரு வாரக் கண்காட்சி. கையில் ஒரே ஒரு குவெஸ்ட் 3. எதையெல்லாம் யோசிக்க வேண்டும்?

முதலில் ஒளி. திரைப்படம் காட்டுவதுபோல் அறையை இருட்டாக்காதீர்கள். ஹெட்செட்டின் கேமராக்கள் அறையைப் பார்த்துத்தான் இடத்தைக் கணிக்கின்றன. இருட்டிலும், நிலைக்கண்ணாடி எதிரிலும், ஒன்றுமில்லாத வெள்ளைச் சுவரின் முன்னாலும் காட்சி நழுவும். சுவரில் உங்கள் ஓவியங்களை மாட்டினாலே பிரச்சினை தீரும். அதே வேளையில், கடைவீட்டு முற்றத்தின் திறந்த கூரை வழியே வெயில் இறங்கும் இடத்தில் ஹெட்செட்டை மல்லாத்தி வைக்கவே கூடாது. சில நொடிகளில் திரை கருகிவிடும்.

அடுத்தது ஈரம். குளிர்சாதன அறையில் இருந்த லென்ஸைத் திறந்த கூடத்துக்குக் கொண்டுவந்ததும் பனி படியும். கால் மணி நேரம் முன்பே இயக்கி வெளியே வையுங்கள். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் இருக்கட்டும். நம் ஊர் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்தால் போகாது. வருகிறவர்களின் நெற்றியில் திருநீறும் குங்குமமும் இருக்கும், அழிக்கச் சொல்வது மரியாதை அல்ல. சிலிகான் முகவுறையும், ஆளுக்கொன்றாகத் தூக்கியெறியும் தாள் உறையும் வைத்திருங்கள். உறையைத் துடைக்கலாம். லென்ஸை உலர்ந்த மென்துணியால் மட்டுமே துடைக்க வேண்டும். ஆல்கஹால் பட்டால் பூச்சு உரியும். கொண்டையும் பூவும் வைத்தவர்களுக்குப் பின்பட்டையைக் கொண்டைக்குக் கீழே மாட்டிவிடுங்கள்.

நேரக் கணக்கு: படைப்பு நான்கு நிமிடம், மாட்டி விளக்க இரண்டு, கழற்றித் துடைக்க ஒன்று. ஆக மணிக்கு எட்டுப் பேர். பத்து நிமிடப் படைப்பு என்றால் வரிசை கலைந்துவிடும். மின்கலம் இரண்டு மணி நேரம்தான் தாங்கும் என்று வைத்துக்கொண்டு, இடுப்பில் மாட்டும் பவர்பேங்க் ஒன்றைத் தயாராக வையுங்கள். உள்ளே நடப்பதைத் தொலைக்காட்சியில் காட்டினால் காத்திருப்பவர்களும் பங்கேற்பார்கள். தரையில் இரண்டுக்கு இரண்டு மீட்டர் இடம் ஒதுக்கி, நடுவே சிறிய வட்டப் பாய் ஒன்றைப் போடுங்கள். கண் கட்டியிருந்தாலும் நடு எது என்று வெறுங்காலுக்குத் தெரியும். உதவிக்கு ஒருவர் எப்போதும் பக்கத்தில் நிற்க வேண்டும். வயதானவர்களை நாற்காலியில் அமர்த்துவதே பாதுகாப்பு, அதற்கேற்பக் காட்சியின் உயரத்தைத் தாழ்த்தி ஒரு பதிப்பும் செய்துவையுங்கள்.

நூலகர், கோலாலம்பூர்: இவை பத்து ஆண்டு கழித்துத் திறக்குமா?

செயலியை மட்டும் நம்பினால் திறக்காது. முப்பரிமாணப் படைப்புகளைப் பலர் ஏற்றிவைத்திருந்த கூகுள் பாலி தளம் 2021 ஜூன் 30-இல் மூடப்பட்டது. டில்ட் பிரஷை கூகுள் கைவிட்டபோது, அதே ஆண்டு ஜனவரியில் மூல நிரலைத் திறந்துவிட்டதால்தான் இன்று ஓப்பன் பிரஷ் என்ற பெயரில் அது வாழ்கிறது. ஒவ்வொரு படைப்புக்கும் நான்கு கோப்புகளைக் கேட்டு வாங்குங்கள்: மென்பொருளின் மூலக் கோப்பு, ஜி.எல்.பி. ஏற்றுமதி, கவிதை வரிகள் யூனிகோட் உரைக் கோப்பாக, ஒருவர் உள்ளே நடந்து படிப்பதன் ஒளிப்பதிவு. எந்த வரி எங்கே, எவ்வளவு உயரத்தில், எத்தனை மீட்டர் தள்ளி என்ற வரைபடம் ஒரு பக்கத் தாளிலும் இருந்தால் எதிர்காலத்தில் வேறு கருவியில் மீண்டும் கட்டலாம்.

கல்லூரி மாணவர், ஸ்ரீ கெம்பாங்கான்: கண்ணாடியைப் போட்டுக்கொண்டே தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா? குரலும் சேர்க்க வேண்டும்.

முடியும். கணினித் திரையை ஹெட்செட்டுக்குள் கொண்டுவரும் செயலியைப் போட்டு, விசைப்பலகையை ஹெட்செட்டில் இணைக்காமல் கணினியிலேயே இணைத்துவிடுங்கள். அஞ்சலோ தமிழ்99-ஓ, கணினியில் இருக்கும் தட்டச்சு முறை அப்படியே வேலை செய்யும். ஆனாலும் முதல் வரைவுக்கு மடிக்கணினியும் தாளும்தான் நல்லது. உள்ளே போவது வரிகளை இடம் மாற்றி வைத்துப் பார்க்க.

குரலை ஒற்றைத் தடத்தில் பதியுங்கள். இரட்டைத் தடக் கோப்பை ஒரு தூணில் கட்டினால் குரல் அந்தத் தூணிலிருந்து வராமல் தலைக்குள் ஒலிக்கும். பதியும்போது மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்திவிட்டு, துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதன் முன் உட்கார்ந்து படித்தால் எதிரொலி அடங்கும்.